பூஸ்ட் ஏறும்போது பெட்ரோல் போதுமா? டர்போ காரின் எரிபொருள் அழுத்தக் கோளாறுகள்

டர்போ பொருத்திய பெட்ரோல் காரில் எரிபொருள் அழுத்தம் நின்ற இடத்தில் நிற்காது. ஐட்லிங்கில் ஓர் அளவு, மேட்டில் ஏறும்போது இன்னோர் அளவு, நெடுஞ்சாலையில் லாரியை முந்த ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது மற்றோர் அளவு. அப்படி ஏறி இறங்குவதுதான் அதன் வேலை. ஏற வேண்டிய நேரத்தில் ஏறாமல் போவதே கோளாறு. ஆகவே “இந்த வண்டிக்கு எத்தனை பார் அழுத்தம் இருக்க வேண்டும்?” என்ற கேள்விக்கு, எந்த நிலையில், எதை எதிர்த்து அளந்தது என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. பம்பை மாற்றி, ஃபில்டரை மாற்றி, இன்ஜெக்டரைக் கழுவி, கடைசியில் பழைய குறையோடே வண்டி ஒர்க்‌ஷாப்பை விட்டு வெளியேறுவது பெரும்பாலும் இந்த ஒன்றைக் கவனிக்காததால்தான்.

இன்ஜெக்டர் ஒரு மின்வால்வு. சில மில்லிசெகண்டு திறந்து மூடும்; அந்தச் சிறு நேரத்தில் பெட்ரோல் பீறிட்டு உள்ளே போகும். எத்தனை மில்லிசெகண்டு திறக்க வேண்டும் என்பதை இன்ஜினின் கணினியான ஈ.சி.யு. தீர்மானிக்கிறது. ஆனால் உள்ளே போன பெட்ரோலை அது அளப்பதில்லை. இன்ஜெக்டரின் பின்னால் உள்ள அழுத்தத்துக்கும் முன்னால் உள்ள அழுத்தத்துக்கும் இடையே இவ்வளவு வித்தியாசம் இருக்கும் என்று நம்பித்தான் கணக்குப் போடுகிறது. பின்னால் இருப்பது பெட்ரோல் நிறைந்த ரெயில். முன்னால் இருப்பது காற்று நுழையும் இன்டேக் மேனிஃபோல்டு. சாதாரண காரில் மேனிஃபோல்டு அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைத் தாண்டாது. டர்போ காரில் தாண்டும்; அந்தக் கூடுதல் அழுத்தமே பூஸ்ட். உள்ளே தள்ளப்படும் காற்று, வரும் பெட்ரோலை எதிர்த்துத் தள்ளுகிறது.

இதைச் சமாளிக்க வைத்த உறுப்புதான் பிரஷர் ரெகுலேட்டர். அதற்குள் ஒரு ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் பெட்ரோல்; மறு பக்கம் ஸ்பிரிங்கும், மேனிஃபோல்டிலிருந்து வரும் மெல்லிய ரப்பர் ஹோஸும். மேனிஃபோல்டில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயிலிலும் ஏறும். எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறங்கும். மிஞ்சிய பெட்ரோல் ரிட்டர்ன் குழாய் வழியே டேங்குக்குத் திரும்பிவிடும்.

ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜின் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1990-களின் நடுவில் ஆடி கார்களில் வந்து, பிறகு ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, சீட் என எல்லாவற்றிலும் ஏறிய இன்ஜின் இது. இந்தியாவில் விற்ற ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். காரில் 150 குதிரைத்திறனோடு வந்தது. இதன் பெரும்பாலான வகைகளில் 3 பார் ரெகுலேட்டர் இருக்கும். டயருக்குக் காற்றடிக்கும் கணக்கில் சொன்னால் 43.5 பி.எஸ்.ஐ. ஐட்லிங்கில் மேனிஃபோல்டில் வெற்றிடம் இருப்பதால் ரெயில் அழுத்தம் 2.5 பாருக்குப் பக்கத்தில் நிற்கும். ரெகுலேட்டரின் ஹோஸைக் கழற்றினால் 3 பார். டர்போ 0.6 பார் பூஸ்ட் தரும்போது 3.6 பார். மூன்று எண்களும் வேறு. ஆனால் ஹோஸ் மாட்டியிருக்கும் முதல், மூன்றாம் நிலைகளில் மேனிஃபோல்டோடு ஒப்பிட்ட வித்தியாசம் ஏறத்தாழ அதே 3 பார்.

அந்த வித்தியாசம் குறைந்தால் என்ன ஆகும்? இன்ஜெக்டர் வழியே பாயும் அளவு அழுத்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு பார் பூஸ்டில் ஓடும் வண்டியில் ரெகுலேட்டரின் ஹோஸ் கிழிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். ரெயில் 3 பாரிலேயே நின்றுவிடும். எதிர்த்துத் தள்ளுவது 1 பார். மிச்சம் 2 பார். பாயும் பெட்ரோல் 18 விழுக்காடு குறைந்துபோகும். முழு மிதியில் 12 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்று ஈ.சி.யு. கணக்கிட்ட கலவை, சிலிண்டருக்குள் போகும்போது 14.7-க்கு ஒன்று என்று மெலிந்துவிடுகிறது. ஐட்லிங்கிலோ ஊருக்குள் மெதுவாகப் போகும்போதோ 14.7 சரியான கலவைதான். முழு பூஸ்டில் அது இன்ஜினைக் கொல்லும் கலவை.

காரணம் சூடு. முழு பூஸ்டில் ஊற்றப்படும் கூடுதல் பெட்ரோல் எரிவதற்காக மட்டும் அல்ல. ஆவியாகிச் சிலிண்டரைக் குளிர்விக்கவும் வேண்டும். 1962-இல் அமெரிக்காவில் வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர், உலகின் முதல் டர்போ கார்களில் ஒன்று. நாக்கிங்கைத் தடுக்க அதில் தனித் தொட்டி வைத்து நீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தெளித்தார்கள். பின்னால் வந்த இன்ஜின்கள் அதே வேலையைக் கூடுதல் பெட்ரோலிடமே ஒப்படைத்தன. அந்தப் பெட்ரோல் வராவிட்டால் கலவை நேரத்துக்கு முன்பே தானாக வெடிக்கும், பிஸ்டனின் ரிங் மேடு உடையும், பிஸ்டன் தலையே உருகும். நாக் சென்சார் ஸ்பார்க் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளி ஓரளவு காப்பாற்றும். அதற்கும் எல்லை உண்டு. அதனால் டர்போ காரில் எரிபொருள் அழுத்தச் சந்தேகம் இருக்கும்வரை முழு மிதி மிதிக்காமல் ஓட்டுவதே நல்லது.

அறிகுறிகள் ஓட்டுபவருக்குத்தான் முதலில் தெரியும். ஊருக்குள் வண்டி ஒழுங்காக ஓடும். மூன்றாவது கியரில் அழுத்தி மிதித்தால் பூஸ்ட் ஏறத் தொடங்கும் இடத்தில் ஒரு தயக்கம், பிறகு ஜெர்க், சில வேளை பின்னால் யாரோ பிடித்து இழுத்ததுபோல் பிக்கப் அறவே நின்றுவிடும். மிதியை விட்டால் மறுபடி சரியாகிவிடும். செக் இன்ஜின் விளக்கு எரிந்து, கலவை மெலிந்ததைக் குறிக்கும் பி 0171, மிஸ்ஸிங்கைக் குறிக்கும் பி 0300 போன்ற குறியீடுகள் பதிவாகலாம். எதுவும் பதிவாகாமலும் போகலாம். இதற்கு எதிர்ப்பக்கம் உள்ள அறிகுறிகள் கரும்புகை, பெட்ரோல் நெடி, குறைந்த மைலேஜ். அழுத்தம் தேவைக்கு மேல் இருக்கும்போது வருபவை இவை.

ஆனால் இதே அறிகுறிகளைக் காட்டும் வேறு கோளாறுகள் பல. தேய்ந்த ஸ்பார்க் பிளக், பழுதான இக்னிஷன் காயில் இரண்டும் பூஸ்டில்தான் மிஸ்ஸிங் தரும். அடர்ந்த காற்றில் பொறி தாண்டுவது கடினம். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் இடையே ஹோஸ் கிழிந்தால், அளந்த காற்று வெளியே போய்க் கலவை செறிந்து கரும்புகை வரும். த்ராட்டிலுக்குப் பின்னால் சிறு ஓட்டை இருந்தால் ஐட்லிங்கில் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவை மெலியும். இவற்றைப் பிரித்துப் பார்க்க ஸ்கேனரில் தெரியும் ஃபியூயல் டிரிம் பெரிதும் உதவும். ஆக்ஸிஜன் சென்சார் சொல்வதை வைத்து ஈ.சி.யு. எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது என்பதே அந்த எண். ஐட்லிங்கில் அதிகமாகக் கூட்டி, வேகம் ஏற ஏற இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவு. ஐட்லிங்கில் இயல்பாக இருந்து, சுமை ஏற ஏறக் கூட்டிக்கொண்டே போனால் பெட்ரோல் வரத்து போதவில்லை. அழுக்கேறிய காற்று அளவு சென்சாரும் இந்த இரண்டாவது கோலத்தையே காட்டும் என்பதுதான் சிக்கல். அங்கேதான் அழுத்தக் கேஜ் தேவைப்படுகிறது. ஸ்கேனர் திரையை மட்டும் பார்த்துப் பம்புக்கு ஆர்டர் கொடுப்பது ஊகம்.

கேஜ் மாட்டுமுன் வண்டியில் எந்த வகை அமைப்பு இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். மேலே சொன்னது ரிட்டர்ன் குழாய் உள்ள பழைய அமைப்பு. பின்னால் வந்த பல கார்களில் ரிட்டர்ன் குழாய் கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே, ஃபில்டரோடு அல்லது பம்போடு சேர்ந்திருக்கும். மேனிஃபோல்டிலிருந்து ஹோஸும் வராது. ரெயில் அழுத்தம் ஏறாமல் ஒரே அளவில் நிற்கும். பூஸ்டால் குறையும் வித்தியாசத்தை ஈ.சி.யு. மேனிஃபோல்டு சென்சார் மூலம் அறிந்து இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து ஈடுகட்டும். அந்த வண்டியில் பூஸ்டில் அழுத்தம் ஏறவில்லை என்பது குறையே இல்லை. பழைய வகையில் அதுவே பெருங்குறை. தயாரிப்பாளரின் ஒர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள அளவைப் பார்க்காமல் கேஜை மாட்டிப் பயனில்லை.

ரெயிலில் டயர் வால்வு போன்ற சோதனை வால்வு இருந்தால் கேஜை அதில் நேரே மாட்டலாம். இல்லையென்றால் வரத்துக் குழாயில் டி வடிவ இணைப்பு வைக்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். பம்பின் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து தானாக அணையவிட்டால் குழாயில் உள்ள அழுத்தம் இறங்கிவிடும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றி, இணைப்பைச் சுற்றித் துணி வைத்து மெதுவாகத் திறக்க வேண்டும். தீயணைப்பான் கை எட்டும் தூரத்தில் இருப்பது கட்டாயம். சாலையில் ஓட்டிப் பார்க்கும்போது கேஜைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது; பெட்ரோல் நிறைந்த ஹோஸ் ஒன்று மடிமேல் வெடித்தால் தப்ப வழியில்லை. நீண்ட ஹோஸால் பானெட்டுக்கு வெளியே எடுத்து, முன் கண்ணாடியின் மேல் வெளிப்பக்கமாகக் கட்டுவார்கள். ரெயிலில் மின் சென்சார் மாட்டி, ஒயரை மட்டும் உள்ளே கொண்டுவருவது அதைவிடப் பாதுகாப்பானது.

முதல் சோதனை நின்ற இடத்தில். சாவியைத் திருப்பியதும் பம்ப் ஓரிரண்டு விநாடி ஓடி அழுத்தத்தை ஏற்றும். ஸ்டார்ட் செய்தபின் 1.8 டர்போவில் 2.5 பார் அளவில் நிற்க வேண்டும். ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றினால் 3 பாருக்குத் தாவ வேண்டும். தாவாவிட்டால் ஹோஸ் அடைத்திருக்கிறது, கிழிந்திருக்கிறது, அல்லது ரெகுலேட்டர் இறுகிவிட்டது. கழற்றிய ஹோஸில் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் சவ்வு கிழிந்து, பெட்ரோல் நேரே மேனிஃபோல்டுக்குள் உறிஞ்சப்படுகிறது. வேறு சோதனையே வேண்டாம், அதை மாற்ற வேண்டியதுதான். பூஸ்ட் மீட்டரோ வேறு எதுவோ மாட்ட இந்த ஹோஸின் நடுவே யாராவது இணைப்புப் போட்டிருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். அந்த இணைப்பில் சிறு கசிவு இருந்தாலும் ரெகுலேட்டருக்குப் பொய்ச் செய்தி போகும்.

சாலைக்குப் போகாமலே பூஸ்டை நடித்துக் காட்டவும் வழி உண்டு. கையால் அடிக்கும் சிறு அழுத்தப் பம்பை ரெகுலேட்டரின் மூக்கில் மாட்டி அரை பார் ஏற்றினால், ரெயிலும் அரை பார் ஏற வேண்டும். ஏறினால் ரெகுலேட்டர் தன் வேலையைச் செய்கிறது. அதோடு பம்பும் நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

இங்கேதான் பல நோய்நாடல்கள் தவறிப்போகின்றன. ஐட்லிங்கில் இத்தகைய இன்ஜின் மணிக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் பெட்ரோல் குடிக்கும். முழு மிதியில் 150 குதிரைத்திறன் தரும்போது, அது மணிக்கு 50 லிட்டர் என்ற வேகத்தில் குடிக்கும். ஒரு லிட்டருக்குப் போதுமான அழுத்தத்தைத் தேய்ந்த பம்பும் தந்துவிடும். மாடித் தொட்டிக் குழாயில் பாதி அடைப்பு இருந்தாலும் ஒரு குழாயை மட்டும் திறந்தால் தண்ணீர் வேகமாகத்தான் வரும்; வீட்டில் உள்ள எல்லாக் குழாய்களையும் திறக்கும்போதுதான் அடைப்பு தெரியும். எனவே அழுத்தத்தைச் சுமையில் பார்க்க வேண்டும், அளவையும் தனியாகப் பார்க்க வேண்டும்.

சுமையில் பார்ப்பதற்கு டைனோ மேடை இருந்தால் சிறப்பு. இல்லையென்றால் ஆளரவமில்லாத ஏற்றச் சாலையில், ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பூஸ்டையும் ரெயில் அழுத்தத்தையும் ஒரே நேரத்தில் பதிவு செய்ய வேண்டும். ரெகுலேட்டரின் அடிப்படை அளவோடு பூஸ்டைக் கூட்டினால் வருவதுதான் ரெயிலில் இருக்க வேண்டிய அழுத்தம். பூஸ்டோடு சேர்ந்து ஏறி, சுழற்சி 4500, 5000 என்று கூடும்போது சரிந்தால், கேட்கும் பெட்ரோலைப் பம்பால் தர முடியவில்லை. தொடக்கத்திலிருந்தே ஏறாமல் 3 பாரில் நின்றால் ஹோஸ் அல்லது ரெகுலேட்டர். எல்லாம் சரியாக ஏறியும் கலவை மெலிந்தால் அழுத்தத்தில் குறையில்லை. இன்ஜெக்டர் அடைப்பையோ காற்று அளவு சென்சாரையோ பார்க்கலாம். கலவையை அறிய அகல அளவு ஆக்ஸிஜன் சென்சார் நல்லது. பழைய குறுகிய அளவு சென்சாரானால், முழு மிதியில் 0.85 வோல்ட்டுக்கு மேல் நிற்க வேண்டியது 0.2 வோல்ட்டுக்குச் சரிந்தாலே எச்சரிக்கை; உடனே மிதியை விட்டுவிட வேண்டும்.

அளவை அறிய ரிட்டர்ன் குழாயைக் கழற்றி, அளவுக்கோடு போட்ட கலனில் விட்டு, பம்பை 30 விநாடி ஓட்டுவார்கள். மணிக்கு 50 லிட்டர் என்றால் 30 விநாடிக்கு 400 மில்லிக்குச் சற்று மேல். அது இன்ஜினுக்குத் தேவையான குறைந்தபட்சம் மட்டும். நல்ல பம்ப் அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகத் தர வேண்டும். ஏனென்றால் அழுத்தம் ஏற ஏற எந்த மின்பம்பின் வரத்தும் குறையும். 3 பாரில் தந்ததை 4 பாரில் தராது. பூஸ்டைக் கூட்ட ஈ.சி.யு.வை மாற்றி எழுதிய வண்டிகளில் இரண்டு பக்கமும் அடி விழுகிறது: இன்ஜின் கேட்கும் அளவு கூடுகிறது, பம்ப் தரும் அளவு குறைகிறது. பழைய பம்போடு அப்படி மாற்றி எழுதிக் கொடுப்பதை எந்த நல்ல டியூனரும் செய்யக் கூடாது.

வரத்து குறைந்தது உறுதியான பிறகும் பம்பைக் கழற்றும் முன் மின்சாரத்தைப் பார்க்க வேண்டும். பம்ப் ஒரு மோட்டார்; வோல்ட் குறைந்தால் சுழற்சி குறையும், வரத்தும் குறையும். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 வோல்ட் இருந்து, டேங்க் மேலுள்ள பம்ப் கனெக்டரில் 11 வோல்ட்தான் வருகிறது என்றால் இடையில் எங்கோ மின்சாரம் சூடாக வீணாகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு இருந்தாலே தேட வேண்டும். கருகிய ரிலே முனை, தளர்ந்த ஃபியூஸ் பிடி, பச்சை பூத்த எர்த் இணைப்பு, உருகத் தொடங்கிய கனெக்டர் ஆகியவையே வழக்கமான இடங்கள். இந்த அளவீட்டைப் பம்ப் ஓடும்போதுதான் எடுக்க வேண்டும். கனெக்டரைக் கழற்றி வெறும் ஒயரில் அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் முழு வோல்ட்டும் காட்டி ஏமாற்றும்.

பம்ப் இழுக்கும் ஆம்பியரும் பேசும். மின்னோட்டம் வழக்கத்தைவிடக் கூடி, வரத்து குறைந்தால் பம்ப் எதையோ எதிர்த்துத் திணறுகிறது: அடைத்த ஃபில்டர், நசுங்கிய குழாய், இறுகிய பம்ப். மின்னோட்டமும் குறைந்து வரத்தும் குறைந்தால் வோல்ட் போதவில்லை, அல்லது பம்ப் உள்ளே தேய்ந்து பெட்ரோல் பின்னால் கசிகிறது. ஃபில்டருக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்த்தால் அடைப்பு அதில்தானா என்று தெரிந்துவிடும்.

டேங்குக்குள் மறைந்திருக்கும் காரணங்கள்தான் கண்டுபிடிக்கச் சிரமமானவை. பம்பின் வாயில் உள்ள வலைப்பை துருவாலும் பிசினாலும் அடைபடும். பம்பிலிருந்து மூடிக்குப் போகும் சிறு குழாய் விரிசல் விட்டால், குறைந்த அழுத்தத்தில் மூடியிருந்து அழுத்தம் ஏறும்போது வாய் திறந்து, பெட்ரோலை டேங்குக்குள்ளேயே கொட்டும். புதுப் பம்ப் போட்டும் குறை தீராத வண்டிகளில் இதைத் தேட வேண்டும். டேங்கின் காற்றோட்டக் குழாய் அடைத்தால், ஓடஓட உள்ளே வெற்றிடம் உண்டாகிப் பம்பை எதிர்த்து இழுக்கும். நீண்ட ஓட்டத்துக்குப் பின் மூடியைத் திறக்கும்போது காற்று உஸ்ஸென்று உள்ளே போகும். கால் டேங்குக்குக் கீழே, அதுவும் வளைவுகளில் மட்டும் ஜெர்க் வந்தால் பம்பைச் சுற்றிப் பெட்ரோலைத் தேக்கிவைக்கும் கிண்ணத்தையும், அதை நிரப்பும் ஜெட் பம்பையும் பார்க்க வேண்டும்.

இன்ஜினை அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் நிற்க வேண்டும். 1.8 டர்போவில் பத்து நிமிடம் கழித்தும் 2 பாருக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூடான இன்ஜினில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி, மறுபடி ஸ்டார்ட் செய்ய நெடுநேரம் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். கசிவு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: பம்பின் திரும்பாவால்வு, ரெகுலேட்டர், இன்ஜெக்டர். அழுத்தம் ஏறியதும் வரத்து ரப்பர் குழாயை இடுக்கியால் நெரித்தால் இறக்கம் நிற்கிறதா? பம்பின் வால்வு. ரிட்டர்னை நெரித்தால் நிற்கிறதா? ரெகுலேட்டர். இரண்டையும் நெரித்தும் இறங்கினால் இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று நனைந்திருக்கும். நெரிப்பது ரப்பர் குழாயில் மட்டும்தான். பிளாஸ்டிக் குழாயை நெரித்தால் உடையும்.

அழுத்தம் கூடுவது இதைவிட எளிய கதை. ரிட்டர்ன் அடைப்பு, இறுகிய ரெகுலேட்டர், கழன்ற வெற்றிட ஹோஸ் ஆகியவற்றைத் தாண்டிக் காரணம் இருப்பது அரிது.

இந்தியாவில் இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலப்பதும் இந்தக் கணக்கில் சேர்கிறது. சுத்தப் பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று என்றால், இந்தக் கலவைக்கு ஏறத்தாழ 13.5 போதும். அதாவது அதே காற்றுக்கு எடைக் கணக்கில் 9 விழுக்காடு அளவுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. புது வண்டிகள் இதற்கேற்பச் செய்யப்பட்டவை. இருபது வருடம் பழைய டர்போ காரில், முன்பு எப்படியோ சமாளித்த தேய்ந்த பம்பு இந்தக் கூடுதல் தேவையில் கை விரித்துவிடும்.

பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் செலுத்தும் டர்போ இன்ஜின்களில் காட்சியே மாறிவிடுகிறது. போலோ ஜிடி டி.எஸ்.ஐ., ஹூண்டாய் வென்யூவின் 1 லிட்டர் டர்போ போன்றவை இந்த வகை. டேங்க் பம்ப் சில பார் அழுத்தத்தில் கொடுக்க, கேம்ஷாஃப்டால் இயங்கும் உயர் அழுத்தப் பம்ப் (மேல் பம்ப்) அதை ஐட்லிங்கில் பல பத்து பாராகவும், சுமையில் 150, 200 பாராகவும், புதிய வகைகளில் 350 பார்வரையிலும் உயர்த்தி நேரே சிலிண்டருக்குள் தெளிக்கிறது. இந்தப் பக்கத்தில் சாதாரண கேஜை மாட்டக் கூடாது. இன்ஜின் ஓடும்போது இணைப்பைத் தளர்த்தவே கூடாது. அந்த வேகத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும். சோதனை முழுக்க ஸ்கேனரில்தான்: ஈ.சி.யு. கேட்கும் அழுத்தம், உண்மையில் இருக்கும் அழுத்தம் இரண்டையும் அருகருகே வைத்து, சுமையில் எங்கே பிரிகின்றன என்று பார்க்க வேண்டும். பி 0087 என்ற குறியீடு ரெயில் அழுத்தம் குறைவு என்று சொல்லும். யாரால் குறைந்தது என்று சொல்லாது.

அதனால் முதலில் தாழ்வழுத்தப் பக்கத்தைக் கேஜ் வைத்துச் சோதிக்க வேண்டும். அங்கே பெட்ரோல் வராமல் மேல் பம்பைக் குறை சொல்வது வீண் செலவு. மேல் பம்பின் விலையைக் கேட்டாலே இந்த வரிசையின் அருமை புரியும். தாழ்வழுத்தம் சுமையிலும் நிற்கிறது, உயர் அழுத்தம் சரிகிறது என்றால் மேல் பம்ப், அதை இயக்கும் கேம். ஃபோக்ஸ்வாகனின் முதல் தலைமுறை 2 லிட்டர் டி.எஃப்.எஸ்.ஐ. இன்ஜினில் கேமுக்கும் பம்புக்கும் இடையே உள்ள தொப்பி வடிவ ஃபாலோயர் தேய்ந்து ஓட்டை விழுவது பேர்போன குறை. அதை மட்டும் காலத்தில் கழற்றிப் பார்த்து மாற்றினால் பம்பும் கேம்ஷாஃப்டும் தப்பும். பி.எம்.டபிள்யூ.வின் இரட்டை டர்போ ஆறு சிலிண்டர் இன்ஜினில் உயர் அழுத்தப் பம்ப் பழுதாகி, 2010-இல் அமெரிக்காவில் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இன்ஜின் ஆயில் அளவு கூடி, பெட்ரோல் வாடை அடித்தால் மேல் பம்பின் சீல் கசிவையும் சந்தேகிக்கலாம்.

டர்போ டீசலில் எண்கள் இன்னும் பெரியவை. 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் வந்த காமன் ரெயில் 1350 பார் வரை போனது. இப்போது 2000 பாரைத் தாண்டிவிட்டது. ஐட்லிங்கிலேயே 250, 300 பார் இருக்கும். இங்கே பம்புக்கு அடுத்து இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன்தான் முதல் சந்தேகம். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்னிலும் ஒவ்வொரு பாட்டிலை மாட்டிச் சில நிமிடம் ஓட்டினால், மற்றவற்றைவிடப் பல மடங்கு நிரம்பும் பாட்டில் எந்த இன்ஜெக்டருக்கு உரியதோ அதுவே அழுத்தத்தைக் குடிக்கிறது. செலவில்லாத இந்தச் சோதனை பல ஆயிரம் ரூபாய் மிச்சமாக்கும்.

எந்த வகையானாலும், உறுப்பை மாற்றியபின் பழைய டிரிம் பதிவுகளை அழித்து, முன்பு குறை தோன்றிய அதே கியரில், அதே ஏற்றத்தில், அதே அளவு பெட்ரோலோடு ஓட்டி, அழுத்தத்தையும் பூஸ்டையும் கலவையையும் மறுபடி பதிவு செய்ய வேண்டும். சில நாள் ஓட்டத்துக்குப் பின் டிரிம் எண்கள் பூஜ்யத்தையொட்டி நிற்கின்றனவா என்பதும் பார்க்கத்தக்கது. மெலிந்த கலவையில் வெகுநாள் ஓடிய வண்டியானால் பிளக்குகளைக் கழற்றி, பீங்கானில் வெள்ளைப் பூச்சோ உருகிய உலோகத் துகளோ இருக்கிறதா என்று பார்த்து, நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் சோதனையும் கசிவுச் சோதனையும் செய்ய வேண்டும். ரிங் மேடு உடைந்த சிலிண்டர் அதில் பிடிபடும். அழுத்தக் கேஜ் எவ்வளவு சரியாக நின்றாலும் அந்தச் சிலிண்டரைப் பிரித்தே ஆக வேண்டும்.